கறுப்பு ஜக்கற்

ஜஸ்ரின் கதவைத் தட்டியபோது நான் குசினியில் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். சப்பாத்தைக் கழற்றி, வாசலில் சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் கணவர் வேலை செய்த கட்டட சைற்றில் அவர்தான் ஃபோர்மன். என் மகள் நடாஷாவுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே டோர்செட் பார்க் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, செற்றியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கோப்பி கேட்பவர், இந்த முறை செற்றியின் விளிம்பில் இருந்தார். சுவரில் என் கணவரின் மாலை போட்ட படம் இருக்கும் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக ரீவியைப் பார்த்தார். ரீவி போட்டிருக்கவில்லை.

“அக்கா, உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்தனான்.”

“சொல்லுங்கோ.”

“குளிர் தொடங்கீட்டுதெல்லே. எங்கடை சைற்றில வாற கிழமை ஒரு சேஃப்ரி மீற்றிங் வைக்கினம். இருட்டுக்க, ஸ்னோவுக்க வேலை செய்யிற ஆக்கள் கண்ணுக்குத் தெரியிற மாதிரி உடுக்கிறதைப் பற்றி. மனேச்சர் கேட்டவர், யேசு அண்ணையின்ரை மிஸிஸ் வந்து ரெண்டு வார்த்தை பேசுவாவோ எண்டு. நாங்கள் சொன்னா ஒருத்தனும் கேளான். நீங்கள் சொன்னா மனசில படும்.”

“நான் என்னத்தைச் சொல்லுறது?”

“அந்த மினுங்குற சேஃப்ரி வெஸ்ற்றை வெளியால போடுங்கோ, சொல்லுறதைக் கேளுங்கோ எண்டு. அவ்வளவுதான். நீங்கள் தமிழிலயே சொல்லுங்கோ அக்கா, நான் பக்கத்தில நிண்டு இங்கிலீசில சொல்லிவிடுறன்.”

வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வேன் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கோப்பி வேண்டுமா என்று கேட்டேன். ஓம் என்றார்.

‘சொல்லுறதைக் கேளுங்கோ.’ அந்த வசனத்தோடுதான் நான் அந்த வருடம் முழுவதும் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஜனவரியில், மார்க்கம் நகரில் தொடர்மாடி கட்டும் இடத்தில், பின்னுக்கு வந்த லோடர் இயந்திரம் அடித்து என் கணவர் யேசுரட்ணம் இறந்தார். விசாரிக்க வந்தவர்களிடம் ஜஸ்ரின் சொன்னது இதுதான்: வெஸ்ற்றை ஜக்கற்றுக்கு மேலே போடும்படி ஒவ்வொரு நாளும் சொன்னேன், அவர் கேட்கவில்லை. அது அப்படியே எழுதப்பட்டது. எழுதப்பட்டது கோயிலுக்கும் வந்தது. நல்ல மனுசன், பாவம், சொல்லுக் கேக்கேல்லை என்று பூசை முடிந்து வாசலில் நிற்கும் பெண்கள் என் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் அக்காவின் சொல், முதலாளியின் சொல், பங்குச் சுவாமியின் சொல், என் சொல் என்று கேட்டுக் கேட்டே நடந்த ஒரு மனிதரைப் பற்றி.

அந்த ஜனவரிக்கு முந்திய ஒக்ரோபரில் என் மாமியார் மன்னாரில் காலமானார். இவர்தான் மூத்த மகன். போக முடியவில்லை. அடக்கப் பூசையைத் தொலைபேசியில் பார்த்தோம். பெட்டியை இறக்கும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. இவருடைய அக்கா மக்டலீன் மச்சாள் இங்கே மல்வேர்னில் இருக்கிறார். அவர் அடுத்த நாளே கறுப்புச் சட்டைக்கு மாறினார். எங்களில் பெண்கள் வருடம் முழுவதும் கறுப்பு உடுப்பார்கள். ஆண்கள் சேட்டில் ஒரு சிறிய கறுப்புப் பட்டியைக் குத்திக்கொண்டால் போதும். மன்னார் வெயிலுக்கு அது போதும். இங்கே குளிர்காலத்தில் ஓர் ஆணின் சேட்டை யார் பார்க்கிறார்கள்? மச்சாளுக்கு அந்தக் கவலை வந்தது. ஒரு சனிக்கிழமை பெரிய பையோடு வந்தார். பைக்குள் தொடைவரை நீண்ட, தடித்த, கறுப்பு ஜக்கற் ஒன்று இருந்தது.

“இதைப் போடு தம்பி. அம்மாக்கு மூத்த பெடியன் நீ. துக்கம் நாலு பேருக்குத் தெரிய வேணும்.”

“சைற்றுக்குப் போற மனுசன் மச்சாள்,” என்றேன் நான்.

“ஏன், சைற்றில வேலை செய்யிறவைக்குத் தாய் தேப்பன் இல்லையோ? அங்கை பாதிப் பேர் எங்கடை கோயில் ஆக்கள். நாளைக்கு ஆராவது கேட்டா, பச்சையும் சிவப்பும் போட்டுக்கொண்டு திரிஞ்சவன் எண்டு சொல்லப் போகினம்.”

இவர் பையிலிருந்து அதை எடுத்தார். போட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, கையை விரித்து, “அக்கா, எனக்குக் குருப்பட்டம் குடுக்க ஆயர் வரேல்லையோ?” என்றார். மச்சாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாயின் சாவுக்குப் பிறகு இவர் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆறுதலாகக்கூட இருந்தது.

சைற்றிலும் அதே பகிடிதான் நடந்தது. வீட்டுக்கு வந்து சப்பாத்தின் பனியைத் தட்டிக்கொண்டே சொல்லுவார். காலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் வானால் இவர் இறங்கியதும் யாராவது ஒருத்தன், “ஃபாதர் வாறார், பாவசங்கீர்த்தனம் செய்யிற ஆக்கள் லைனில நில்லுங்கோடா,” என்பானாம். இவரும் விடமாட்டார். “உன்ரை பாவத்தைக் கேக்க இந்த பிரேக் ரைம் காணாது,” என்பாராம். ஜஸ்ரினும் சேர்ந்து சிரிப்பாராம். அன்றைக்கு நானும் கேட்டுச் சிரித்தேன். ஒரு மனிதர் கறுப்பு உடுத்தியிருப்பது அவ்வளவு பேருடைய கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. பகிடி பண்ணும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆரம்பத்தில் அவர் வெஸ்ற்றை ஜக்கற்றுக்கு மேலேதான் போட்டார். செம்மஞ்சள் நிறத்தில், வெள்ளிப் பட்டியோடு, முதுகில் பெரிய எக்ஸ் வைத்த வெஸ்ற். “இதைப் போட்டா நான் றோட்டு வேலைக்கு வைக்கிற கோண் மாதிரி இருக்கிறன்,” என்பார். ஆனால் அது கோடைக்கு அளவெடுத்துக் கொடுத்தது. தடித்த ஜக்கற்றுக்கு மேலே இழுத்துப் பூட்டினால், குனியும்போது பூட்டு விட்டுத் திறந்துவிடும். ஒருநாள் கம்பியில் கொழுவித் தோள் பக்கம் கிழிந்துவிட்டது. நான் தைத்துக் கொடுத்தேன். “பெரிய சைஸ் ஒண்டு கேட்டிருக்கிறன், ஜஸ்ரின் எடுத்துத் தாறன் எண்டவன்,” என்றார். அது வரவில்லை. கிறிஸ்மஸ் திருநாள் முடிந்து திரும்ப வேலை தொடங்கியபோது, வெஸ்ற்றை உள்ளே போட்டு அதற்கு மேல் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு போனார்.

அது நடந்த அன்றைக்குப் பின்னேரம் பனி கொட்டியது. ஜனவரியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியே குவிந்த பனியை லோடர் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னுக்கு வரும்போது அது போடும் சத்தம் அங்கே காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பது. கேட்டுக்கொண்டே இருப்பது காதில் விழாது. இவர் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றிருக்கிறார். நான் அந்த நேரம் முதியோர் இல்லத்தில், நான் வேலை செய்யும் குசினியில், இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சாப்பாடு. மக்டலீன் மச்சாள் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்: “தாயின்ரை துக்கத்தோடயே போனவன். அப்பிடி ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்.” அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தான். அழுது அழுது குரல் போயிருந்தது. ஆனாலும் அதை ஒரு பெருமைபோல அவர் சொன்ன விதத்தில் எனக்கு உடம்பு முழுவதும் எரிந்தது. பிறகு என் தோளில் கை வைத்து, “நீ வருசம் முடியும்வரை கறுப்பை விடாத, செரீனா,” என்றார். ஜஸ்ரின்தான் பந்தியில் சோறு வைத்தார். ஒவ்வொருவரிடமும் போய், இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டுக் கேட்டு வைத்தார். அவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சவப்பெட்டி தூக்கினார். நடாஷாவை ஒரு மாதம் தன் வானிலேயே கொலிஜுக்குக் கொண்டுபோய் விட்டார். இவ்வளவும் செய்கிறவர், நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? நானும் நம்பினேன். இறந்தவர்மீது கோபப்பட்டேன். ஏன் கேட்கேல்லை, ஏன் கேட்கேல்லை என்று படத்துக்கு முன்னால் நின்று ஏசினேன்.

ஆடி மாதம் ரஸீன் வந்தார். லோடர் ஓட்டியவர் அவர்தான். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் பெடியன். இரண்டு சிறு பிள்ளைகளின் தகப்பன். அடக்கத்துக்கு வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனவர். மனைவி அஸீஸாவைக் கூட்டிக்கொண்டு வந்து, அவரை முன்னால் விட்டுப் பின்னால் நின்றார். மெலிந்திருந்தார். இப்போது மெஷினில் ஏறுவதில்லை, கீழே நின்று பலகை தூக்குகிறேன் என்றார். அஸீஸா அவருடைய முழங்கையில் தட்டி, “சொல்லுங்க,” என்றார்.

“அக்கா, நான் ஜஸ்ரின் அண்ணைட்ட முதலே சொன்னனான். அந்தக் கிழமைதான். இருட்டுக்குள்ள யேசு அண்ணையை எனக்குத் தெரியிதில்ல, வெஸ்ற்றை வெளிய போடச் சொல்லுங்கண்டு.”

“அவர் சொன்னவர்தானே. ஒவ்வொரு நாளும் சொன்னவராம்.”

ரஸீன் தலையை ஆட்டினார். “சொல்லல்ல அக்கா. ஒரு நாளும் சொல்லல்ல. என்னட்ட என்ன சொன்னவரெண்டா... தாய் செத்த மனுசனிட்டப் போய்ச் செம்மஞ்சளைப் போடெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது, கோயிலில மக்டலீன் அக்கான்ரை முகத்தை நான் பாக்கிறேல்லையோ எண்டு கேட்டவர். நீ பாத்து ஓட்டு எண்டவர். நான் பாத்துத்தான் அக்கா ஓட்டினன்.”

பிறகு அவர் அழுதார். அஸீஸாவும் அழுதார். நான் அழவில்லை. இதை ஏன் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜஸ்ரின் அண்ணைதானே எங்களை எல்லாம் வேலைக்கு எடுத்தது என்றார் ரஸீன்.

அவர்கள் போனபிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மன் ஒரு போர்த்துக்கீசனாகவோ, பஞ்சாபியாகவோ இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே கத்தியிருப்பான். அந்தக் கறுப்பைக் கழற்று, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றிருப்பான். இவர் முகம் சுண்டி, வீட்டுக்கு வந்து அவனைத் திட்டி, உயிரோடு இருந்திருப்பார். எங்கள் ஆள் என்றபடியால் மரியாதை பார்த்தார். அந்த மரியாதையை என்னால் மன்னித்திருக்க முடியும். நானும் அந்தக் கோயிலுக்குப் போகிறவள்தான். மச்சாளின் முகத்துக்குப் பயந்தவள்தான். ஆனால் பேசாமல் இருந்துவிட்டு, பேசினேன், அவர்தான் கேட்கவில்லை என்று சொன்னாரே, அதை என்ன செய்வது? என் கணவர் உயிரோடு திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அவர் சொல்லுக் கேளாதவர் என்ற பெயரோடு கிடக்க வேண்டியதில்லை. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொன்ன வாயே திரும்ப எடுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். பல ஞாயிறுகள் பக்கத்தில் நின்று பார்த்தேன். எடுக்கவில்லை. கடைசியில் வீட்டுக்கு வந்து, என் வாயாலும் அதையே சொல்லும்படி கேட்டார்.

நடாஷாவுக்கு மீற்றிங் விஷயம் பிடிக்கவில்லை. “அம்மா, யூ டோண்ட் ஹாவ் ரு கோ. அவைக்கு உங்களைக் காட்டிப் படம் எடுக்கத்தான் வேணும். போறதெண்டா நான் வாறன், நான் ட்ரான்ஸ்லேற் பண்ணுறன்.”

“வேண்டாம் பிள்ளை. உனக்கு அண்டைக்குச் சோதினை.”

கொலிஜில் சோதனை இருந்தது உண்மைதான். ஆனால் நான் சொல்லப்போவதைத் தன் ஞானத்தகப்பனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலையில் அவளை நிறுத்த எனக்கு மனமில்லை. ரஸீன் சொன்னதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஜஸ்ரின் தன் வானில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். நான் கறுப்புக் கோட்டில் இருந்தேன். வருடம் முடிய இன்னும் நாள் இருந்தது. வழியில் ஹீற்றரைக் கூட்டட்டோ என்று கேட்டார். நடாஷாவின் படிப்பைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சைற் வாசலில் யாரும் வெஸ்ற் இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்று ஒரு பலகை இருந்தது. ஜஸ்ரின் ஒரு பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத புது வெஸ்ற் ஒன்றை எடுத்தார். பெட்டி முழுவதும் பெரிய சைஸ். என் கோட்டுக்கு மேலே அது சுகமாகப் போய் இருந்தது, இழுக்காமலே பூட்டியது. தலைக்குக் கவசமும் தந்தார். “உங்களுக்கு அளவா இருக்கு அக்கா,” என்றார்.

கீழ்த்தளத்தில் சுவர் எழும்பியிருக்கவில்லை. நாலு பக்கமும் தார்ப்பாய் தொங்க, நடுவில் ஒரு ஹீற்றர் இரைந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் சூடு. கம்பியில் கட்டித் தொங்கவிட்ட விளக்குகளின் கீழே செம்மஞ்சளும் எலுமிச்சைப் பச்சையுமாக ஆண்கள் நெருக்கி நின்றார்கள். அரைவாசிப் பேர் எங்கள் ஆட்கள். கோயிலில் நேர்த்தியாகத் தலை சீவி நிற்பவர்களை அங்கே தாடியும் தூசியுமாக அடையாளம் காண நேரம் பிடித்தது. சிலர் தலையை அசைத்தார்கள். பின்னால் தூணோடு ரஸீன் நின்றார். மனேச்சரான வெள்ளைக்காரர், பிறையன் என்று பெயர், என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னார். உண்மையான துக்கத்தோடுதான் சொன்னார். பிறகு கூட்டத்துக்கு என்னை அறிமுகப்படுத்தினார். என் கணவரின் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார். ஜஸ்ரின் என் பக்கத்தில் வந்து, கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு, பூசை உதவிக்காரன்போல நின்றார்.

நான் தமிழில் பேசினேன்.

“நான் செரீனா. யேசுரட்ணத்தின்ரை மனுசி. அவர் வெஸ்ற்றை உள்ளுக்குப் போட்டது உண்மை. வெளியால போட்டது கொழுவிக் கிழிஞ்சு போச்சு. பெரிசு ஒண்டு கேட்டவர், வரேல்லை. தாய்க்குத் துக்கம் காக்கிறார் எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் அவரை ஃபாதர் எண்டு கூப்பிட்டனீங்கள். அப்ப அந்தக் கறுப்பு உங்கடை கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. ஜஸ்ரினுக்கும் தெரிஞ்சது. இருட்டில ஆளைத் தெரியேல்லை எண்டு லோடர் ஓட்டினவர் போய்ச் சொன்னவர். அதுக்குப் பிறகும் ஜஸ்ரின் என்ரை மனுசனிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை. மரியாதைக்குப் பேசாமல் இருந்தவர். செத்தாப் பிறகு, ஒவ்வொரு நாளும் சொன்னனான் எண்டு சொன்னவர். என்ரை மனுசன் சொல்லுக் கேளாதவர் இல்லை. அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

சொல்லி முடித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் ஹீற்றரைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அது கட்டித்தான் இருந்தது. மற்றப் பக்கத்தில் நின்ற தமிழ் தெரியாதவர்கள் எனக்காக இரங்கிய முகத்தோடு, ஜஸ்ரினைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் ஒருமுறை செருமினார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார். நான் இந்த நாட்டில் குசினிகளில் கழித்த வருடங்களில் பேசக் கற்றது கொஞ்சம். விளங்கிக்கொள்ளக் கற்றது நிறைய. அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது. என் கணவர் நல்ல மனிதர். குளிருக்காக வெஸ்ற்றை உள்ளே போட்டார். அந்தப் பிழையை நீங்கள் விடாதீர்கள். உங்கள் ஃபோர்மன் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்காக வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்.

அந்தக் கடைசி வசனத்தை எங்கிருந்து எடுத்தாரோ தெரியவில்லை. அழகான வசனம். மனேச்சர் கண்ணைத் துடைத்தார்.

கைதட்டினார்கள். கையுறை போட்ட கைகள்; தலையணையில் அடிப்பதுபோலச் சத்தம். முதலில் மற்றப் பக்கத்தவர்கள் தட்டினார்கள். பிறகு எங்கள் ஆட்களும் தட்டினார்கள். இரண்டையும் கேட்டவர்கள், நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் கேட்டவர்கள், என்னைப் பார்க்காமல் தட்டினார்கள். நான் ரஸீனைத் தேடினேன். அவர் தட்டவில்லை. ஒரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்தக் கையால் தலைக்கவசத்தைச் சரிசெய்துவிட்டுத் தாழ்த்திக்கொண்டார்.

“வாங்கோ அக்கா, கோப்பி இருக்கு,” என்று ஜஸ்ரின் என் முழங்கையைத் தொட்டார்.

நான் அசையவில்லை. என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் எடுத்து, மனேச்சரைப் பார்த்துச் சொன்னேன்.

“நோ. ஐ நொட் சே தற். ஜஸ்ரின் நோஸ். ஜஸ்ரின் சீ தி பிளாக் ஜக்கற். எவ்ரி டே சீ. நோபடி ரெல் மை ஹஸ்பண்ட்.”

கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகி நின்றது. மனேச்சர் தலையைச் சரித்து, காதை என் பக்கம் கொண்டுவந்தார். விளங்கியதா, விளங்கவில்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, என் வாயிலிருந்து வந்தது ஆங்கிலம் இல்லை என்பதுபோல, ஜஸ்ரினின் பக்கம் திரும்பி, அவ என்ன சொல்லுகிறா என்று அவரிடம் கேட்டார்.

எல்லோரும் ஜஸ்ரினைப் பார்த்தார்கள். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டியவரும் நிமிர்ந்து பார்த்தார். ஜஸ்ரின் வாயைத் திறந்தார். வெள்ளையாக ஒரு மூச்சு வந்து, விளக்கு வெளிச்சத்தில் அவருடைய முகத்தை மறைத்து, மெதுவாகக் கலைந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு வந்தது.